புதுசா என்ன வாங்கினீங்க?

எங்கள் புற்றுநோய் வார்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் மூத்த நர்சைப் பற்றிச் சொல்லும் முதல் குறை ஒன்றுதான்: அந்த சிஸ்டருக்குத் திமிர் ஜாஸ்தி. காத்திருக்கும் கூடத்துக்கு வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். ஆள் எழுந்தாரோ இல்லையோ, விறுக்கென்று திரும்பி முன்னால் நடந்துவிடுவாள். நீளத் தாழ்வாரம் முழுக்க அவள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் கட்டிலுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு வார்த்தை ஆறுதல் கிடையாது, கைத்தாங்கல் கிடையாது. வார்டுப் பணியாளர்கள் அவளுக்கு முதுகு சிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் நடையை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் அவளுக்குக் கீழே நர்சாகச் சேர்ந்த புதிது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன், இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனால் நோயாளி மனசு என்ன பாடுபடும் என்று. அவள் கோபப்படவில்லை. ஊசி மருந்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"முன்னாடி நின்னு பாத்தா எல்லாரும் நல்லாத்தான் நடப்பாங்க. போட்டோ எடுக்கும்போது வயித்த உள்ள இழுத்துக்கற மாதிரி. நான் திரும்பிக்கிட்டா மறந்துடுவாங்க. அப்பத்தான் செருப்பு உண்மையச் சொல்லும்."

அவள் பார்க்காமல் போகவில்லை, கேட்டுக்கொண்டு போகிறாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு கால் மட்டும் தரையைத் தேய்க்கிறதா, நடை விட்டு விட்டு வருகிறதா, சுவரைப் பிடிக்கிற கையின் வளையல் ஓசை வருகிறதா எல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் அவள் காதில் விழுந்துவிடும். புற்றுநோய் சில பேருக்கு முதுகெலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளே ஓடுகிற தண்டுவடத்தை மெல்ல மெல்ல நெரிக்கும். முதலில் முதுகு வலி. பிறகு மாடிப்படி கனக்கும். பிறகு செருப்பு காலை விட்டு நழுவும். அதற்குப் பிறகு எல்லாம் ஒரே ஓட்டம்தான். காலையில் தடுமாறியவரால் மறுநாள் கட்டிலை விட்டு எழ முடியாது, சிறுநீர் நின்றுவிடும். கால் விழுவதற்கு முன்னால் பிடித்துவிட்டால் ஊசி, கதிர் சிகிச்சை, சிலருக்கு அறுவை என்று ஏதாவது செய்து காப்பாற்றலாம். விழுந்த பிறகு பிடித்தால் பெரும்பாலும் கை விரிக்க வேண்டியதுதான். வார்டில் ஒரு பேச்சு உண்டு: நடந்து வந்தவர் நடந்து போவார், தூக்கி வந்தவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். எல்லா நோயாளிக்கும் அது பொருந்தாது. பொருந்தாதவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

அக்காவிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. எல்லாக் கேள்வியும் கேட்டு முடித்து, நோயாளி எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிய பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல் கூட வந்தவர்களிடம் கேட்பாள்: "வீட்டுக்குப் புதுசா என்ன வாங்கினீங்க?"

அதற்கு ஒரு கதை உண்டு. ஒருமுறை நெஞ்சில் கட்டி இருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். மூச்சு வாங்குகிறதா என்றால் இல்லை. முகம் உப்புகிறதா என்றால் இல்லை. மருந்து ஏற்றிக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் அவருக்கு. ஏதாவது சொன்னால் இன்றைக்கு மருந்து இல்லை என்று தள்ளிப்போட்டுவிடுவார்களே என்ற பயம். அவர் மனைவி மட்டும் பேச்சுவாக்கில், நல்ல பஞ்சுத் தலையணை எங்கே கிடைக்கும், வாங்கிய நான்கும் அமுங்கிப் போய்விட்டன என்று கேட்டிருக்கிறாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு நான்கு தலையணை? படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார். நெஞ்சிலிருந்த கட்டி, தலையிலிருந்து ரத்தம் இறங்கும் பெரிய குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கே சிகிச்சை ஆரம்பித்தார்கள், வாத்தியார் பிழைத்தார். அன்று முதல் அக்கா கடைக்கணக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

வாய் பொய் சொல்லும், வாங்கிய சாமான் சொல்லாது என்பாள். வெயில் காலத்தில் கம்பளி வாங்கியிருந்தால் குளிர் காய்ச்சல், மருந்து ஏற்றிய பின் ரத்த வெள்ளை அணுக்கள் விழுந்து கிடக்கும் சமயம், மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள், உடனே கையைப் பிடித்து உள்ளே தள்ளு. பெரிய தண்ணீர்க் கூஜா வாங்கியிருந்தால் அடங்காத தாகம், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து ரத்தத்தில் ஏறுகிறது, ஆள் உளற ஆரம்பிப்பதற்குள் சோதனைக்கு அனுப்பு. வார் வைத்த செருப்பு வாங்கியிருந்தால், சாதாரணச் செருப்பு காலில் நிற்கவில்லை என்று அர்த்தம். இளசுகளான நர்சுகள் முதலில் சிரிப்பார்கள். பிறகு அவர்களும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அவள் வீட்டுக்காரர் டெய்லர். எங்கள் மருத்துவமனை நர்சுகளின் சீருடை பாதிக்கு மேல் அவர் தைத்ததுதான். எங்கள் இடுப்பளவு கூடுகிற கதை எங்கள் புருஷன்மார்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "கவலப்படாத, தையல்ல தாராளமா விட்டு வச்சிருக்கேன்" என்று எனக்கு வருஷா வருஷம் ஆறுதல் சொல்வார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். வீட்டின் முன்னறைதான் கடை. காலால் மிதித்து ஓட்டும் ஒரு தையல் மெஷின், நீளமாக ஒரு வெட்டுப் பலகை, சுவரில் வரிசையாகத் தொங்கும் பாதிச் சட்டைகள். அந்த மெஷின் ஓசை தெருமுனைக்கே கேட்கும். டியூட்டி முடிந்து அக்காவோடு நானும் அந்த வழியாகத்தான் போவேன். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போது, அவர் தலையைத் தூக்காமலே, காலை நிறுத்தாமலே கேட்பார்: "வந்துட்டியா?" அவளும் "வந்துட்டேங்க" என்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர்களுக்குள் அந்த இரண்டு வார்த்தைதான் தினசரிப் பேச்சில் பாதி.

சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்கே வந்தது. புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ஊரெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள் வீட்டிலேயே இப்படியா என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எங்கள் வார்டில்தான் அவருக்கும் மருந்து ஏற்றினோம். அந்த ஒரு வருஷம் அக்கா அழுது நான் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்துச் செய்தாள். வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சூடு பார்ப்பது, குடித்த தண்ணீரும் போன சிறுநீரும் அளப்பது, வருகிறவர்களை வாசலிலேயே கை கழுவ வைப்பது. குரல்கூட மாறிவிட்டது, எங்களிடம் பேசும் அதே வார்டுக் குரல். சண்டை கிடையாது, சிணுங்கல் கிடையாது, முகத்தில் ஒன்றும் தெரியாது. டெய்லர் ஒரு நாள் என்னிடம் சொன்னார், நர்சு சம்பளம் இல்லாமலே கிடைச்சுட்டா, பொண்டாட்டியத்தான் காணோம் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

சிகிச்சை முடிந்தது, பரிசோதனைகள் நன்றாக வந்தன, மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அப்போதும் அக்கா ரொம்ப நாள் அப்படியேதான் இருந்தாள். ஒரு சாயங்காலம் நான் அங்கே இருந்தபோது, அவர் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டதற்கு அவள் சாமி வந்தவள் போலக் கத்தினாள். எத்தனை தடவை சொன்னாலும் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதானா என்று ஆரம்பித்து, கல்யாணம் ஆன நாளிலிருந்து உள்ள குற்றப் பட்டியல் முழுவதும் வந்தது. டெய்லர் மெஷினை நிறுத்தினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வந்துட்டியா?" என்றார்.  அவள் அந்த ஈரத் துண்டிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

மோட்டார் கதைக்கு வருகிறேன். அந்த மிதி மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொள்ளச் சொல்லி அக்கா கல்யாணம் ஆனதிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்தில் யார் மிதிக்கிறார்கள், முட்டி தேய்ந்து போகும் என்பாள். "மோட்டார் வாங்கற அளவுக்கு என் காலு என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார் அவர். பிடித்த பிடி விடாத மனுஷன். அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு நாள் மோட்டாரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் பெருவிரலால் லேசாக அழுத்தினால் போதும், மெஷின் உர்ரென்று ஓடியது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் வார்டுக்கு இனிப்பு வாங்கி வந்தாள். "வாழ்க்கையில மொத தடவையா என் பேச்சக் கேட்டிருக்காரு" என்று ஒவ்வொரு மேஜையாகக் கொடுத்தாள். நானும் இரண்டு எடுத்துத் தின்றேன். எல்லோரும் சிரித்தோம். புதிதாக வாங்கிய சாமானுக்கு இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள், எங்கள் முதுகு சிஸ்டர்.

முதுகு வலி அவருக்கு இருந்தது, அவள் கேட்காமலும் இல்லை. தையல்காரனுக்கு முதுகு வலிக்காம தலைமுடியா வலிக்கும் என்று அவர் சொல்லிவிடுவார். நாற்பது வருஷமாகக் குனிந்தே இருக்கிற முதுகு, அது என்றைக்கு வலிக்காமல் இருந்தது? போன ரத்தப் பரிசோதனையும் சுத்தமாகத்தான் வந்திருந்தது. அவள் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவர் மெஷின் முன்னால் இருப்பார். திரும்பி வரும்போதும் மெஷின் முன்னால்தான். வேலை குவிந்து கிடக்கிறது என்று, ராத்திரியும் அவள் தூங்கிய பிறகுதான் எழுந்தார். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம், சீருடைத் துணி உண்மையிலேயே குவிந்துதான் கிடந்தது.

அந்த நாட்களில் ஒரு நண்பகல். மார்பில் புற்றுநோய் வந்து சிகிச்சை முடித்திருந்த ஒரு அம்மா ரத்தம் ஏற்றிக்கொள்ள வந்திருந்தார். மகள் கூட வந்திருந்தாள். அக்கா வழக்கம்போலக் கூப்பிட்டு, வழக்கம்போல முன்னால் நடந்தாள். கட்டிலுக்கு வந்ததும் அவள் புருவம் சுருங்கியிருந்ததைப் பார்த்தேன், ஏதோ காதில் பட்டிருக்கிறது. கேள்விகளை ஆரம்பித்தாள். முதுகு வலியா, கொஞ்சம் உண்டு, யாருக்குத்தான் இல்லை. கால் மரத்துப் போகிறதா, இல்லை. படி ஏற முடிகிறதா, முடிகிறது. கடைசியில் மகளைப் பார்த்துக் கேட்டாள்: "வீட்டுக்குப் புதுசா என்ன வாங்கினீங்க?"

அந்த அம்மாவே முந்திக்கொண்டார், முகமெல்லாம் சிரிப்பு. "துணி துவைக்கிற மெஷின் சிஸ்டர். கீழ உக்காந்து துவைச்சா எந்திரிக்கவே முடியறதில்ல, கால் ரெண்டும் வேற யாரோடதோ மாதிரி இருக்கு. இவங்கப்பாகிட்ட வருஷக்கணக்கா கேட்டு இப்பத்தான் மனசு வந்துச்சு."

அக்கா பேனாவை வைத்தாள். அம்மாவை எழுந்து உட்காரவே கூடாது என்று மல்லாக்கப் படுக்க வைத்தாள். என்னை டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். டாக்டர் வந்து பார்த்து, உடனே ஊசி போடச் சொல்லி, ஸ்கேனுக்கு எழுதினார். அவள் ஊசியைத் தன் கையால் போட்டாள், ஸ்கேன் அறைக்குப் போன் பண்ணினாள், திருப்ப வேண்டுமானால் நான்கு பேர் சேர்ந்து உடம்பை ஒரே கட்டையாக உருட்ட வேண்டும் என்று இளசுகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு குறை கிடையாது. தள்ளுகட்டில் வார்டை விட்டு வெளியே போனதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

என்ன ஆச்சு என்று பதறிப் போய்க் கேட்டேன். ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"மோட்டாரு."

எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.  பொறுப்பை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, சீருடையோடேயே இரண்டு பேரும் கிளம்பினோம்.  தெருமுனையில் அவள் நின்று காது கொடுத்தாள். உர்ரென்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் உயிரோடு தைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒரு நிம்மதி. அவளுக்கு அந்த ஓசையே ஆகவில்லை, காதைப் பொத்திக்கொள்வாள் போல இருந்தது.

டெய்லர் எங்களைப் பார்த்ததும், ரெண்டு சிஸ்டரும் சேர்ந்து வந்திருக்கீங்களே, எனக்கு எத்தன ஊசி என்று சிரித்தார்.  அக்கா உள்ளே வரவில்லை. வாசற்படியிலேயே தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகு அவர் பக்கம்.

"எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடந்து வாங்க."

மோட்டார் நின்றது. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்துபோய் இருந்தது. இந்தப் பெண்மணி முதுகைக் காட்டினால் என்ன அர்த்தம் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். எத்தனை ராத்திரிச் சாப்பாட்டில் வார்டுக் கதை கேட்டிருப்பார்! அவருக்குத் தெரியாத அறிகுறி எது? அதனால்தான் அவள் வருகிற நேரமெல்லாம் உட்கார்ந்தே இருந்திருக்கிறார். அதனால்தான் தடுமாறும் மிதியோசை அவள் காதில் விழக் கூடாது என்று மோட்டார் வாங்கியிருக்கிறார்.

அவர் பலகையில் கை ஊன்றினார். நாற்காலி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவள் சட்டென்று திரும்பி ஓடி வந்து அவர் தோளை அழுத்தினாள்.

"வேண்டாம். எந்திரிக்காதீங்க. அசையக் கூடாது."

கேட்க வேண்டும் என்று நின்றவள் பெண்டாட்டி, தடுத்தவள் நர்சு. நொறுங்கிப் போன முதுகெலும்போடு ஒரு தப்படி வைத்தாலும் மிச்சமிருப்பதும் போய்விடலாம். என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள், பக்கத்து இஸ்திரிக் கடைக்காரரைக் கூப்பிட்டோம், முதுகு வளையாமல் தரையில் படுக்க வைத்தோம். செருப்பைக் கழற்றினாள். இரண்டும் புதுச் செருப்பு, பின்பக்கம் வார் வைத்தது. துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து அவர் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் இழுத்தாள்.

"தெரியுதா?"

"எது?" என்றார் அவர்.

அவள் கை நின்றுபோனது. வெள்ளைக் கோடு அந்தக் காலில் பளிச்சென்று தெரிந்தது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், கல் மாதிரி இருந்தது. காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, வரவில்லை என்று மெல்லச் சொன்னார். வலது கால் நேற்று சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் சொன்ன பேச்சுக் கேட்டதாம். இன்றைக்குக் காலையில் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்ததுதான் கடைசி, அதுவும் சுவரைப் பிடித்து. பிறகு பெடலைக் காலால் அழுத்தவில்லை. மெஷினுக்குக் கீழே பெடல் இல்லை, நாற்காலி மேல் கிடந்தது. அதைத் தொடைக்குக் கீழே வைத்து, கையால் தொடையை அமுக்கி ஓட்டியிருக்கிறார்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்ததும் அக்குளில் ஒருத்தர், காலில் ஒருத்தர் பிடித்துத் தூக்கப் போனார்கள். அவள் போட்ட அதட்டலில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவர்கள் கொண்டுவந்த துணி ஸ்ட்ரெச்சர் நடுவில் குழிந்தது. வெட்டுப் பலகையை மேஜைக் கால்களிலிருந்து கழற்றச் சொன்னாள். இஸ்திரிக்காரரும் நானும் கழற்றினோம். ஒரே கட்டையாக உருட்டி அதில் ஏற்றினோம். எத்தனையோ பேருடைய அளவுக்குக் கோடு போட்டுத் தேய்ந்த பலகை அது. அவர் நீளத்துக்குச் சரியாக இருந்தது.

வண்டியில் நான் காலடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் தலைமாட்டில் தலை அசையாமல் இரண்டு பக்கமும் கையால் பிடித்திருந்தாள். முகம் சலனமே இல்லாமல் இருந்தது. எப்போது முதல், எந்த இடத்தில், இருமினால் கூடுகிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், ஏன் மறைச்சீங்க என்று அதே குரலில் கேட்டாள், அதுவும் அந்த வரிசையில் ஒரு கேள்வி போல.

அவர் மேலே பார்த்தபடியே சொன்னார். "நீ மறுபடியும் சிஸ்டராயிடுவேன்னுதான். போன தடவ ஒரு வருஷம் ஆச்சு நீ திரும்பி வர்றதுக்கு. இந்த தடவ அவ்வளவு நாள் எனக்கு இருக்குமோ என்னவோ. இருக்கற வரைக்கும் நீ என்னத் திட்டிக்கிட்டே இருக்கணும்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் அழவில்லை. கையை எடுக்க முடியாது, எடுத்தால் தலை அசையும். ஓட்டுநரிடம் மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொன்னாள்.

செய்ய வேண்டியது எல்லாம் அன்றைக்கே நடந்தது. ஊசி போட்டார்கள், குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தார்கள், ஸ்கேனில் முதுகெலும்பு நெடுக மூன்று நான்கு இடத்தில் நோய் தெரிந்தது. அறுவைக்கு வழியில்லை என்று பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இருட்டுவதற்குள் முதல் கதிர் சிகிச்சை கொடுத்துவிட்டார்கள். வலி குறைந்தது. கால் அப்படியேதான் இருந்தது. அக்கா அவருக்கு வேளைக்கு மாத்திரை கொடுத்தாள், புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டாள், குழாயில் வந்ததை அளந்தாள். மறுபடியும் அந்தக் குரல் வந்துவிட்டது. தன் மேலேயே அவளுக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தது என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டு அறையில் ஒரு நாள், ஊர்ல எல்லார் வீட்டுச் சாமானையும் கேட்டேன், என் வீட்டுச் சாமானுக்கு இனிப்புக் குடுத்தேன் என்று மட்டும் சொன்னாள். 

துணி துவைக்கிற மெஷின் வாங்கிய அம்மா அதற்குள் தேறிவிட்டார். அன்றைக்கு மத்தியானமே பிடித்ததால் கால் பிழைத்தது. கைத்தடியோடு நடந்தார். வீட்டுக்குப் போகிற நாளன்று அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீ நல்லா இருக்கணும்மா என்றார். அவளுடைய வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை. அக்கா வாசல் வரைக்கும் வழியனுப்பப் போனாள். வழக்கம்போல முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் அந்த அம்மாவின் இரண்டு காலும் ஒரு தடியும் ஒழுங்காக, தேய்க்காமல் வந்தன. நான் மேஜையில் உட்கார்ந்தே கேட்டேன். தாழ்வாரம் முடியும் வரைக்கும் அவள் நடையை மெதுவாக்கிக்கொண்டு அதைக் கேட்டபடி போனாள்.

அன்று சாயங்காலம் டெய்லரை முதல் தடவையாக உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டு போனார்கள். இரண்டு பக்கமும் கம்பி, நடுவில் பாதை. பயிற்சியாளரும் உதவியாளரும் இடுப்புப் பட்டையைப் பிடித்து நிறுத்திப் பார்ப்பதாக ஏற்பாடு. நானும் போயிருந்தேன். கதிர் சிகிச்சையெல்லாம் முடிந்திருந்தது, ஏதாவது உயிர் திரும்பியிருந்தால் இப்போதுதான் தெரிய வேண்டும். அவர் கம்பிகளைப் பிடித்தார். தையல்காரர், கையில் நல்ல பலம். கைகளாலேயே உடம்பைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

அக்கா கூடத்தின் அந்தக் கோடியில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

 பயிற்சியாளரின் பூட்ஸ் ஓசை கேட்டது. பட்டை இழுபடும் ஓசை கேட்டது. இப்ப வலது காலு, முயற்சி பண்ணுங்க என்று பயிற்சியாளர் மெல்லச் சொன்னது கேட்டது. டெய்லரின் நெற்றியில் நரம்பு புடைத்தது. கழுத்து இறுகியது. காலில் ஒரு விரல்கூட அசையவில்லை. அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி அவள் முதுகைப் பார்த்தார். சீருடையின் தோள் தையல் அவர் போட்டதுதான்.

"திரும்பு," என்றார். "கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. என்னப் பாரு."

அவள் உடனே திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடியே, காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பினாள். எத்தனையோ வருஷம் கூட வேலை பார்த்த எனக்கே அந்த முகம் பழக்கமில்லை. மூக்கு சிவந்து, உதடு கோணி, குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு இப்படிப் பண்ணிட்டீங்களே, பாவி மனுஷா, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அந்தக் கூடமே கேட்கும்படி திட்டிக்கொண்டு கம்பிகளை நோக்கி வந்தாள். உதவியாளர் திகைத்துப் போய் என்னைப் பார்த்தான்.

டெய்லர் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி அவள் கிட்டே வரும் வரைக்கும் காத்திருந்தார்.

"வந்துட்டியா?" என்றார்.

 அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. பயிற்சியாளர் சக்கர நாற்காலியை அவருக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தார்.